ஈசான மூலையில் விறகு

விறகிலும் சாதி பார்ப்பார்கள் என்பது மெல்பேர்னுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். ரெட்கம் என்கிற யூகலிப்டஸ் வகை உயர்ந்த சாதி. அயன்பார்க் அதற்கும் ஒரு படி மேல். குளிர்காலம் கிட்டிவிட்டால் எங்கள் ஆண்கள் இரண்டு பேர் கோயில் வாசலில் நின்றாலும் யார் வீட்டில் எத்தனை லோட் ரெட்கம் இறங்கியது என்றுதான் பேச்சு. அந்த வரிசையில் கடைசியாகக்கூடச் சேர்க்காமல் ஒதுக்கி வைத்த மரம் ஒன்று எங்கள் வீட்டுப் பின்வளவில் நின்றது. பொக்ஸ் எல்டர் என்று பெயர். மேப்பிள் இனம்தான், ஆனால் கலண்டர் படங்களில் சிவந்து உதிருகிற அந்த அழகான மேப்பிள் இல்லை. கண்ட கண்ட இடத்தில் முளைக்கும். கொப்பு லேசில் முறியும். கவுன்சில்காரர்கள் அதைக் களை என்கிறார்கள். ஒரு குளிர்காலம் முழுக்க அந்தக் களையை எரித்துத்தான் என்னுடைய வீட்டை நான் காப்பாற்றினேன். அதை இன்றைக்கும் கொஞ்சம் கர்வத்தோடுதான் சொல்கிறேன்.

வீடு டண்டினோங் மலையடிவாரத்தில், ஒரு சரிவில் இருக்கிறது. பழைய பலகை வீடு. நடு அறையில், கண்ணாடிக் கதவு வைத்த ஒரு இரும்பு விறகு ஹீட்டர். வீடு முழுவதற்கும் அது ஒன்றுதான். படுக்கை அறையில் ஒரு சின்னக் கரண்ட் ஹீட்டர் உண்டு, அதன் சூடு கட்டிலைத் தாண்டாது. விறகு எப்போதும் என் கணவரின் இலாகா. ரெட்கம் சொல்லி எடுப்பது, அடுக்குவது, மூட்டுவது, சாம்பல் அள்ளுவது எல்லாம் அவர்தான். நான் முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்து, ஹீட்டருக்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு தேத்தண்ணி குடிப்பேன். ஓகஸ்ட் மாதத்தில் ஒரு காலை, வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே கதிரையில் சாய்ந்துவிட்டார். நெஞ்சு. அம்புலன்ஸ் வந்து நின்றபோது, அவர் காலையில் போட்ட கட்டை ஹீட்டருக்குள் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து, சனம் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, என்னுடைய அண்ணை கதையைத் தொடங்கினார். அண்ணை இருப்பது வெரிபீயில், நகரத்தின் மற்ற அந்தத்தில், புதுவீடுகள் வரிசை வரிசையாய் எழும்புகிற பக்கம். எங்களை இந்த நாட்டுக்கு ஸ்பொன்சர் பண்ணி எடுத்தவர் அவர்தான். அதனால் அவர் கதைத்தால் மற்றவர்கள் கேட்பார்கள்.

"இனி நீ இஞ்ச தனிய இருக்கேலாது, பிள்ளை. வீட்டை வித்துப்போட்டு எங்களோட வா. மேல ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு."

அண்ணையின் மனைவி, என்னுடைய மச்சாள், தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்றா. "சுவிச்சைத் தட்டினால் வீடு முழுக்கச் சூடு. என்னத்துக்கு உந்த விறகுச் சோலி?"

சிட்னியில், ஹோம்புஷில் ஒரு பிளாட்டில் இருக்கிற என் மகள் பக்கத்தில் இருந்து தலையாட்டினாள். "மாமா சொல்றது ரைட், அம்மா. ஜஸ்ட் திங்க் அபவுட் இட்."

அன்பாகச் சொல்கிறவர்களோடு சண்டை பிடிப்பதைப்போலக் கஷ்டம் வேறில்லை. அந்த மேல் அறையை எனக்கு நன்றாகத் தெரியும். அயன் பண்ணுகிற மேசை, பழைய சூட்கேசுகள், யாரும் ஓடாத ஒரு உடற்பயிற்சிச் சைக்கிள். அவற்றோடு இனி நானும். எனக்கு உச்சியில் சுள்ளென்று ஏறியது. இந்த வீட்டின் ஒவ்வொரு பலகைக்கும் நானும் அவரும் பெயின்ற் அடித்திருக்கிறோம். அவர் போய் ஒரு மாதம்தான் ஆகிறது, அதற்குள் வீட்டையும் விட்டுவிடச் சொல்கிறார்கள்.

"வாற விண்டரை இந்த வீட்டில நான் தனியச் சமாளிப்பன், அண்ணை," என்றேன். "ஒருத்தற்ற உதவியும் வேண்டாம். ஏலாமல் போனால், நானே வீட்டை வித்துப்போட்டு வெரிபீக்கு வாறன். சமாளிச்சிட்டன் எண்டால், இந்தக் கதையைப் பேந்து ஒருத்தரும் எடுக்கக் கூடாது."

அண்ணை என்னைப் பார்த்தார். சின்ன வயதில் மாமரத்தில் ஏறி இறங்க மாட்டேன் என்று நான் அடம்பிடித்தபோது கீழே நின்று பார்த்த அதே பார்வை.

"நீ பிடிச்ச முயலுக்கு எப்பவும் மூண்டு கால்தான்," என்றார். "சரி. ஆட்டத்திவசத்துக்கு எல்லாரும் திரும்பச் சேருவம்தானே. அதுமட்டும் இரு. அப்ப கதைப்பம்."

ஆட்டத்திவசம் என்பது வருடம் முடிய வருகிற முதல் திவசம். அவருக்கு அது ஓகஸ்டில், குளிர் முடிகிற நேரத்தில் வரும். அத்தனை சனத்துக்கு முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் வாய்விட்டுச் சொன்னதைத் திரும்ப விழுங்குகிற பழக்கம் இல்லை. அண்ணைக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாகவும் இருந்தது.

ஒக்டோபர் மாதக் காற்றில் பொக்ஸ் எல்டர் அடியோடு சரிந்து வேலியின்மேல் விழுந்தது. மரம் வெட்டுகிறவரைக் கூப்பிட்டேன். அவர் செயின்சோவால் துண்டு துண்டாக அரிந்து, குற்றிகளாக்கி, வளவு முழுக்கப் பரப்பிவிட்டு, இதை ஏற்றிக்கொண்டு போய்க் கொட்டவா என்று கேட்டார். அரிந்த முகங்களைப் பார்த்தேன். வெள்ளை மரத்தின் நடுவில் செக்கச்செவேலென்று கோடுகள் ஓடியிருந்தன, பீற்றூட் வெட்டிய பலகை மாதிரி. எனக்கு அந்த இடத்திலேயே முடிவு வந்துவிட்டது. கொட்ட வேண்டாம், அப்படியே விட்டுவிட்டுப் போங்கள் என்றேன்.

பக்கத்து வீட்டில் தனியாக இருக்கிற வெள்ளைக்காரக் கிழவர் வேலி உடைந்த இடத்தால் எட்டிப் பார்த்தார். வேலையை விட்டு ஓய்ந்தவர், நாள் முழுக்க வளவிலேயே நிற்பவர். "ரபிஷ் வுட், லவ்," என்றார். எரிந்தால் கடதாசிபோல் எரிந்துவிடும், பச்சையாய் எரித்தால் பூனை மூத்திரம் மாதிரி மணக்கும், நல்ல ரெட்கம் வாங்கு என்று ஆங்கிலத்தில் புத்தி சொன்னார். அன்று பின்னேரம் அண்ணை போன் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். அவரும் அதையே சொன்னார், மணத்தை மட்டும் விட்டுவிட்டு. அண்ணைக்கும் அந்தக் கிழவருக்கும் என் கணவருடைய செத்தவீட்டில் காரை எங்கே விடுவது என்பதில்கூட ஒத்துப்போகவில்லை. இந்த மரத்தை இழிவாக நினைப்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள்.

"நான் ஒரு லோட் ரெட்கம் அனுப்பிவிடுறன்," என்றார் அண்ணை.

"வேண்டாம், அண்ணை."

"ஏன் வேண்டாம்? விறகுதானே."

விறகு மட்டும் இறங்கினால் பரவாயில்லை. அதோடு கதையும் இறங்கும். ஓகஸ்டில் எல்லோருக்கும் முன்னால், நான் அனுப்பின விறகில்தான் இவள் குளிர் காய்ந்தாள் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் வாக்கு அங்கேயே படுத்துவிடும். நானே சொல்லி எடுத்திருக்கலாம்தான். ஆனால் என் வளவில் ஒரு முழு மரம் விழுந்து கிடக்கும்போது, நாலு பேர் சொன்னார்கள் என்பதற்காக அதைத் தாண்டிப் போய் விறகு வாங்க எனக்கு மனம் வரவில்லை. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்றால், இது புல்லைவிட எவ்வளவோ மேல்.

விறகு கொத்துவது பற்றிப் போனில் வீடியோ பார்த்தேன். அதில் வருகிற ஆண்கள் எல்லோரும் கோடாலியை ஒரு போடு போட, குற்றி வெள்ளரிக்காய் மாதிரி இரண்டாய்ப் போகும். என்னுடைய குற்றி அப்படிப் போகவில்லை. நடுவில் போட்டால் கோடாலி உள்ளே போய் மாட்டிக்கொண்டது. காலால் மிதித்து, ஆட்டி, ஆய்ந்து எடுப்பதற்குள் வியர்த்துவிட்டது. இந்த மரத்துக்கு நார் அதிகம், கணுவும் அதிகம். பிளந்த பிறகும் இரண்டு பாதியும் நாரால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நிற்கும். பிறகுதான் பிடிபட்டது. நடுவில் போடக் கூடாது, ஓரத்தில் போட வேண்டும். ஓரத்திலிருந்து ஒவ்வொரு தட்டாகக் கழற்றிக்கொண்டு சுற்றி வந்தால், கடைசியில் நடு தானாக மெலிந்து நிற்கும். கணு உள்ள குற்றிக்கு இரும்பு ஆப்பும் சம்மட்டியும். முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கித் திருப்பிப் பழகிய தோள் எனக்கு. அது சும்மா போகவில்லை.

வேலை இல்லாத நாட்களில் காலையில் கொத்துவேன். என் கணவர் மேல் கோபம் வரும்போது நன்றாகக் கொத்துவேன். கோபம்தான். ஒரு நாளாவது இந்த ஹீட்டரை எப்படி மூட்டுவது என்று எனக்குச் சொல்லித்தந்தாரா? நீர் இரும், நான் பாக்கிறன் என்றே எல்லாக் காலமும் சொல்லிவிட்டு, பாதியில் எழும்பிப் போய்விட்டார். அவரை நினைத்து அழுததைவிட அவரைத் திட்டிக்கொண்டு கொத்தியதுதான் கூட. குற்றிகள் குறைந்துகொண்டே வந்தன.

கோயிலில் ஒருநாள் இந்த மரக் கதை எப்படியோ வந்தது. கவிதை எழுதுகிற பழக்கமுள்ள ஒருவர், அந்த மரமும் எங்களைப்போல அகதிதானே, வந்த இடத்தில் வேர் விட்டதற்காகக் களை என்கிறார்கள் என்று உருகினார். எனக்குப் பொறுக்கவில்லை. மரம் மரம்தான், ஐயா, எரிந்தால் போதும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அகதியை யாராவது வெட்டி அடுப்பில் வைப்பார்களா?

கொத்திய விறகை அடுக்கவேண்டும். எங்கே அடுக்குவது என்று நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. நெருப்புக்குரிய மூலை எது? தென்கிழக்கு, அக்கினி மூலை. ஊரில் குசினி வைப்பதும் அங்கே, விறகு வைப்பதும் அங்கே. இந்த வீட்டை வாங்கியபோது அண்ணை போனில் திசைகாட்டியைப் பிடித்துக்கொண்டு வளவு முழுக்க நடந்து, ஒவ்வொரு மூலையையும் எங்களுக்குக் காட்டியிருக்கிறார். அவரை மறுத்துத்தான் இந்த வேலையே செய்கிறேன், ஆனாலும் மூலை என்று வந்தபோது என் கை தானாக அங்கேதான் போனது. தென்கிழக்கில், வீட்டின் தெற்குச் சுவரோடு ஒட்டி, ஆள் உயரத்துக்கு நெருக்கமாக அடுக்கினேன். மாரி வருமுன் விறகை மூடிவிட வேண்டும் என்பதும் சின்ன வயதிலிருந்து உடம்பில் ஊறியது. ஒரு பெரிய நீலத் தார்ப்பாலினை மேலிருந்து நிலம் வரை போர்த்து, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன். பார்க்க அவ்வளவு வடிவாய் இருந்தது. கோடை முழுக்க அந்த நீலப் பொட்டலத்தைக் குசினி யன்னலால் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தேன்.

மே மாதம் முதல் குளிர் வந்தது. அண்ணையும் மச்சாளும் அந்த ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்கள். பார்க்கட்டும் என்று நினைத்து, காலையிலேயே கயிற்றை அவிழ்த்துத் தார்ப்பாலினை இழுத்தேன். பழைய பாண் ரொட்டியின் மணம் முகத்தில் அடித்தது. பூஞ்சணம். மேல் வரிசை முழுக்கச் சாம்பல் பூத்திருந்தது. கீழே இருந்தவை கொத்திய அன்றைக்கு இருந்த அதே ஈரத்தில் கையில் சில்லிட்டன. என்ன செய்வது, ஆட்கள் வருகிறார்கள், உள்ளதில் நல்லதைத் தெரிந்தெடுத்துப் போட்டு மூட்டினேன். கட்டை எரியவில்லை, அழுதது. இரண்டு முனையாலும் நுரை தள்ளிச் சீறியது. கண்ணாடி கறுத்தது. அண்ணையின் கார் வந்து நிற்கவும், கூரையில் இருந்த புகை அலாரம் வீரிட்டுக் கத்தவும் சரியாக இருந்தது.

அண்ணை கதிரையில் ஏறி நின்று அலாரத்தை நிற்பாட்டினார். மச்சாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவுகளைத் திறந்துவிட்டா. நாங்கள் மூன்று பேரும் ஜாக்கெட் போட்டுக்கொண்டு சாப்பிட்டோம்.

"இதுக்குத்தான் மரம் சரியில்லை எண்டு அப்பவே சொன்னனான்," என்றார் அண்ணை. வென்ற முகம் ஒன்றும் இல்லை. கவலைதான் இருந்தது, அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "விண்டர் இன்னும் தொடங்கவே இல்லை, பிள்ளை. ஏன் உன்னை நீயே வதைக்கிறாய்?"

"மரத்தில பிழையில்லை," என்றேன்.

"அப்ப எதில பிழை?"

நான் எழும்பிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். அவர்கள் போன பிறகு நான் இரண்டு சுவெற்றரைப் போட்டுக்கொண்டு, கட்டிலை விட்டு நடு அறையில் சோபாவில் படுத்தேன். அடுத்த வாரம் முழுக்க அப்படித்தான். ஒருநாள் காலையில் குழாய்த் தண்ணீரில் கோப்பை கழுவ விரல் விறைத்துப்போய், போனைக் கையில் எடுத்துவிட்டேன். அண்ணையின் பெயரை அமத்த ஒரு விரல் போதும். உடனே வருவார். ஒரு சொல்லும் குத்திச் சொல்ல மாட்டார். அந்த மேல் அறையில் கட்டில் விரித்துத் தருவார்கள். போனை வைத்துவிட்டு, காயப்போட வைத்திருந்த உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். அழுகிறதென்றாலும் ஒரு வேலை செய்துகொண்டு அழலாம் என்றுதான்.

என்னுடைய உடுப்புக் கொடி வளவின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது. வந்த வருடத்திலிருந்து அங்கேதான். வேறெங்கே போட்டாலும் காயாது. ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டு, கிளிப்பைக் குத்தப் போனபோது, காலை வெயில் நேரே என் முகத்தில் விழுந்தது. வேலிப் பலகையிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. கிளிப் கையிலேயே நின்றது. திரும்பித் தென்கிழக்கைப் பார்த்தேன். வீட்டு நிழல் முழுக்க விறகின்மேல் கிடந்தது. அந்தப் பக்கப் புல்லில் பனி இன்னும் வெள்ளையாகவே இருந்தது.

இந்த நாட்டில் குளிர்காலச் சூரியன், ஊரில்போலத் தெற்கால் சாயாமல், வடக்கால் போகிறது. இது எனக்குத் தெரியாததா? உடுப்புக் கொடியை எங்கே நடுவது என்று தெரிந்திருக்கிறது. தக்காளியை எங்கே வைப்பது என்று தெரிந்திருக்கிறது. விறகு என்று வந்தபோது மட்டும், நான் ஊரில் நின்றுகொண்டு திசை பார்த்திருக்கிறேன். வெயிலே எட்டாத மூலையில், காற்றும் போகாமல் தார்ப்பாலினால் போர்த்துக் கட்டி, பச்சை மரத்தை ஆறு ஏழு மாதம் அவித்து வைத்திருக்கிறேன். அக்கினி பகவான் கடல் கடந்து வந்தபோது மூலை மாறிக் குடியேறிவிட்டார், எனக்குத்தான் ஒருத்தரும் சொல்லவில்லை. ஈரச் சட்டையைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்று சிரித்தேன். அவர் போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அன்றே விறகைத் தூக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு கட்டையாக, சக்கர வண்டிலில், சரிவால் மேலே. கொடியைக் கழற்றிக் கொஞ்சம் தள்ளி நட்டேன். தடித்த கட்டைகளைத் திரும்பவும் கொத்தி ஒல்லியாக்கினேன். நிலத்தில் பலேற் என்கிற மரச் சட்டத்தைப் போட்டு, அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக, காற்று உள்ளே புகுந்து வெளியே போகிற மாதிரி அடுக்கினேன். மேலே மட்டும் ஒரு தகரம். பக்கங்கள் திறந்தபடி.

மச்சாள் வீடியோ கோலில் பார்த்துவிட்டுப் பதறிப்போனா. வடகிழக்கு ஈசான மூலை. கடவுளுக்குரிய மூலை. அதில் தண்ணீர் இருக்கலாம், துளசி இருக்கலாம், பாரம் இருக்கக் கூடாது, நெருப்புச் சம்பந்தம் கூடவே கூடாது.

"ஈசான மூலையில விறகைக் குவிச்சு வைச்சிருக்கிறீர்! வீட்டுக்கு ஆகாது!"

"ஆகாதது எல்லாம் ஏற்கனவே நடந்திட்டுது, மச்சாள்," என்றேன். "மூலைக்கு மூலை சரியா வைச்சிருக்கேக்கதானே நடந்தது."

பாவம், நல்ல மனுஷி. ஆனால் எனக்கு அன்று இரக்கப்பட நேரம் இல்லை.

விறகு காயும் வரை எரிக்க வேறு விறகு வேண்டும். பக்கத்து வீட்டுக் கிழவரின் பின்வளவில் ஒரு பொக்ஸ் எல்டர் செத்து, நின்றபடியே காய்ந்து கிடந்தது. வேலியடியில் போய்க் கேட்டேன். இந்தக் குப்பையை எடுத்தால் தனக்கு உபகாரம் என்றார். அப்படியென்றால் உதவி செய்வது நான்தானே, என் வாக்கு முறியாது. நின்று காய்ந்த மரம் என்றபடியால் கொப்பைக் கையால் முறித்தே எரிக்கக்கூடியதாய் இருந்தது. தெருவில் யார் வீட்டு வாசலிலாவது வெட்டிப்போட்ட பொக்ஸ் எல்டர் கிடந்தால், கதவைத் தட்டிக் கேட்டு, காரின் பின்சீற்றை மடித்து ஏற்றிக்கொண்டு வந்தேன். ஒருவரும் மறுக்கவில்லை. சிலர் தாங்களே தூக்கி ஏற்றிவிட்டார்கள். ரெட்கம்மாக இருந்திருந்தால் இப்படித் தருவார்களா? ஒருவரும் விரும்பாத மரத்தில் எனக்கு இப்படி ஒரு வசதி இருந்தது.

இன்னொரு வசதியும் இருந்தது, அது ஜூன் முடிவில்தான் தெரிந்தது. ரெட்கம் சரியாகக் காய வருடக்கணக்கு ஆகும். பொக்ஸ் எல்டர் லேசான மரம். ஒல்லியாகக் கொத்தி, வெயிலும் காற்றும் படவிட்டால் கெதியாகத் தண்ணீரை விட்டுவிடும். ஒரு நாள் இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டினேன். மே மாதத்தில் தட்டியபோது ஈரச் சாக்கைத் தட்டின மாதிரிச் செத்த சத்தம். இப்போது ணங்கென்று கேட்டது. திரும்பத் தட்டினேன். திரும்பவும் ணங். கோயில் மணிகூட எனக்கு அவ்வளவு இனிமையாகக் கேட்டதில்லை.

அன்று மூட்டிய நெருப்பு சீறவில்லை. பூனை மூத்திரமும் மணக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சளாய் எழும்பி நின்று எரிந்தது. கிழவர் சொன்னதில் ஒன்று உண்மை. கெதியாக எரிந்துவிடும். ரெட்கம் ஒன்றைப் போட்டால் மணிக்கணக்காய்க் கிடந்து கனலும், இதை அடிக்கடி போட வேண்டும். போட்டேன். வேறென்ன வேலை எனக்கு? ஜூலை மாதத்து மழையிலும் ஆலங்கட்டியிலும், வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றமுன் ஹீட்டரை மூட்டி, காலை நீட்டிக்கொண்டு தேத்தண்ணி குடித்தேன். பக்கத்துக் கதிரை வெறுமையாகத்தான் இருந்தது. அதை எந்த விறகாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் வெறுமையாக இருந்தாலும் அது அவருடைய கதிரை, அவர் வாங்கிய வீட்டில், அவர் வைத்த இடத்தில் இருந்தது.

ஆட்டத்திவசத்தைத் தன்னுடைய வீட்டில் செய்யலாம், இடவசதி உண்டு என்று அண்ணை சொன்னார். இந்த வீட்டில்தான் அவர் சீவன் போனது, இங்கேதான் என்றேன். அண்ணை மறுக்கவில்லை. அன்று காலை வளவெல்லாம் பனி, கார்க் கண்ணாடிகளில் ஐஸ். விடியமுன் எழும்பி ஹீட்டரை மூட்டிவிட்டுச் சமையலைத் தொடங்கினேன். மகள் முதல்நாளே சிட்னியிலிருந்து வந்து, அரைக்கைச் சட்டையோடு மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள். ஐயர் வந்தார். முப்பத்தோராம் நாளுக்கு வந்த சனம் அத்தனையும் வந்தது. எல்லோரும் பெரிய பெரிய ஜாக்கெட்டோடு, வருகிறபோதே குளிருக்குத் தயாராய்த் தோளைக் குறுக்கிக்கொண்டு வந்தார்கள்.

கிரியை நடக்கும்போதே ஜாக்கெட்டுகள் ஒவ்வொன்றாய்க் கழன்றன. பிறகு சுவெற்றர்கள். சோபாவின் கையில் ஒரு குவியல் சேர்ந்தது. அண்ணை ஜாக்கெட்டைக் கழற்றினார். கொஞ்சம் பொறுத்துச் சுவெற்றரையும் கழற்றினார். படையல் முடிந்து பந்தியில் இருந்தபோது, சால்வையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு என் மகளைப் பார்த்து மெல்லமாய்ச் சொன்னார்.

"பிள்ளை, அந்த யன்னலைக் கொஞ்சம் திறந்துவிடு. வெக்கை தாங்கேலாமல் கிடக்கு."

மகள் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து சோறு பரிமாறினேன். முகத்தை அப்போது நிமிர்த்தியிருந்தால் சிரித்திருப்பேன், திவச வீட்டில் சிரிக்கக் கூடாது.

சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணை பின்வளவுக்குப் போனார். குசினி யன்னலால் பார்த்தேன். ஈசான மூலையில் நின்றார். எரித்து வந்த அடுக்கில் இரண்டு வரிசைதான் மிச்சம். அதற்குப் பக்கத்தில் தெருவில் சேர்த்ததைக் கொத்திய புதிய அடுக்கு, என் தோள் உயரம், வெட்டு முகங்கள் இன்னும் சிவப்பாய், ஈரமாய். நானும் கையைத் துடைத்துக்கொண்டு போனேன்.

"இது என்ன?" என்றார்.

"அது அடுத்த விண்டருக்கு, அண்ணை."

"ஈசான மூலையில..." என்று தொடங்கினார். வெயில் அவருடைய மொட்டைத் தலையிலும் தோளிலும் விழுந்துகொண்டிருந்தது. கையைக் கண்ணுக்குமேல் வைத்துச் சூரியனைப் பார்த்தார். பிறகு வளவின் மற்ற மூலையை, நிழலில் வெறுமையாய்க் கிடந்த அக்கினி மூலையைப் பார்த்தார். தொடங்கிய வசனத்தை அவர் முடிக்கவில்லை.

உள்ளே வந்தோம். மச்சாள் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தா. எங்கள் சனத்தில் எப்போதும் ஒருவர் இருப்பார், மற்றவர் வாயில் நிற்பதை எடுத்து வெளியே போடுகிறவர். அன்றைக்கும் ஒரு அங்கிள் இருந்தார். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு உரக்கக் கேட்டார்.

"அப்ப, அந்த வீட்டு விசயம் கதைக்கிறதெண்டு போன வருசம் சொன்னனீங்கள். என்ன மாதிரி?"

எல்லோரும் அண்ணையைப் பார்த்தார்கள். சமாளித்துவிட்டேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் மே மாதம் புகைக்குள் இருந்து சாப்பிட்டவர் அவர். ஒரு சொல் சொல்ல அவருக்கு இடமிருந்தது.

"என்ன வீட்டு விசயம்?" என்றார் அண்ணை, தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டு. "அது கதைச்சு முடிஞ்ச விசயம். இனி ஒருத்தரும் எடுக்கக் கூடாது."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. புகையில்லாத வீட்டில் அதற்குச் சாட்டுச் சொல்லவும் முடியாது. எழும்பி ஹீட்டரடிக்குப் போனேன். யன்னல் திறந்திருந்தது, எல்லோரும் வியர்த்துக்கொண்டிருந்தார்கள், நெருப்புக்கு ஒரு குறையும் இல்லை. கதவைத் திறந்து, வேண்டுமென்றே இன்னொரு கட்டையை உள்ளே வைத்தேன்.